பையர் 'கார்னேஷன்' கலர்னு மட்டும் போட்டிருக்காங்க, எந்த ஷேடுங்க அது?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
குழந்தைகள் டி-சர்ட் ஆர்டருங்க, 100% காட்டன் சிங்கிள் ஜெர்சி. கலர் கட்டத்தில் 'கார்னேஷன்'னு மட்டும் இருக்கு, பேன்டோன் நம்பர் (எல்லா நாட்டிலும் பொதுவான கலர் நம்பர்) இல்லை. தேடினா ஒரு இடத்தில் இளம் பிங்க், ஒரு இடத்தில் சிவப்பு, இன்னொன்றில் தோல் நிறம். எந்த ஷேடுக்கு லேப் டிப் (லேபில் முதலில் போடற சின்னச் சாயச் சாம்பிள்) போடறதுங்க? ஷோரூம் டிஸ்ப்ளேக்கு அதே கலரில் நிஜக் கார்னேஷன் பூவும் வேணுமாம்.

கலர் லேப்:
மூணுமே புழக்கத்தில் இருக்குதுங்க. ஐரோப்பிய ஓவியத்தில் அது மனித உடம்பின் சதை நிறம். அங்கத்திய குலச்சின்னங்களில் முகம், கை வரையும்போதும் அதே பெயர்தான். கம்ப்யூட்டர் கலர் பட்டியலில் 'கார்னேஷன் பிங்க்'னா ஆர்ஜிபி (சிவப்பு-பச்சை-நீலம் அளவு) 255-166-201, லேசா நீலம் கலந்த இளம் பிங்க். போர்ச்சுக்கல்காரருக்கோ முதலில் சிவப்புதான் நினைவுக்கு வரும்: 1974 ஏப்ரல் 25 புரட்சியில் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழாயில் செருகினது சிவப்புக் கார்னேஷன்.

குழந்தைத் துணின்னா பிங்க்காத்தான் இருக்கும், ஆனா ஊகத்தில் டையிங் போடாதீங்க. பேன்டோன் டிசிஎக்ஸ் (காட்டன் துணிக்கான) நம்பரோ துணி சாம்பிளோ கேளுங்க. எந்த லைட்டில் பார்ப்பாங்கன்னும் கேளுங்க. பகல் வெளிச்சம் மாதிரியான டி65 லைட்டில் ஒத்துப்போன பிங்க் கடை லைட்டான டிஎல்84-இல் மாறித் தெரியும். மொபைல் போட்டோவை வெச்சு மேட்ச் பண்ணவே கூடாது.

டையிங் மாஸ்டர்:
பிங்க்னு உறுதியானா கவனம் வெளுப்பில் இருக்கணுமுங்க. கோராத் துணியில் (சாயம் போடாத துணி) மஞ்சள் மிச்சம் இருந்தா பிங்க், பீச் பழ நிறத்துப் பக்கம் போயிடும். அதுக்காக ஒயிட்னர் போட்டா லைட்டுக்கு லைட் ஷேடு மாறும், வேண்டாம். வெளுக்கப் போட்ட பெராக்சைடு மிச்சம் இருந்தா, காட்டனுக்குப் போடற ரியாக்டிவ் சாயத்தையே தின்னுரும்; பெராக்சைடைச் சிதைக்கிற கில்லர் என்சைம் ஓட்டி, டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பார்த்துட்டுத்தான் சாயம் விடணும்.

இந்த மாதிரி ஷேடுக்கு மொத்தச் சாயம் 0.1 சதம்னு வெச்சுக்குங்க, 100 கிலோ துணிக்கு 100 கிராம். எடையில் 5 கிராம் தப்பினா ஷேடில் 5 சதம் தப்பு. சாயத்தைக் கரைச்சு, வடிகட்டி, மெதுவா டோஸ் பண்ணுங்க. சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கிற சோடாவை ஒரே தடவையில் கொட்டினா திட்டுத்திட்டாப் பிடிக்கும். இளம் ஷேடில் அதை மறைக்க வழியே இல்லை.

கடைசியில் கேட்டயானிக் வகை சாஃப்ட்னர் (துணியை மிருதுவாக்கறது) வேண்டாம். துணியை விரிச்சுக் காயவைக்கிற ஸ்டென்டர் மிஷின் சூட்டில் மஞ்சளாகி, லேபில் பாஸான ஷேடு ரோலில் ஃபெயிலாகும். மஞ்சளாகாத வகை சாஃப்ட்னர்னு கேட்டு வாங்குங்க.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
ரொம்ப நன்றிங்க, சாம்பிள் துணி கேட்டு மெயில் போட்டாச்சு. பூவுக்கு யாராவது சொல்லுங்களேன்.

பூ அலங்காரம், கோவை:
நீலகிரி பசுமைக்குடில் பூ கோவையிலேயே கிடைக்குதுங்க. துணி ஷேடு முடிவான பிறகு, துண்டை எடுத்துட்டுப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பூவோட வெச்சுப் பாருங்க. வெள்ளைப் பூவைக் கலர் தண்ணியில் வெச்சு மேட்ச் பண்ணலாம்னு சொல்வாங்க. நரம்பும் ஓரமும்தான் ஏறும், சீரா வராது.

புல்லி (பூவின் அடியில் இருக்கிற பச்சை உறை) வெடிச்ச பூவை எடுக்காதீங்க, இதழ் ஒரு பக்கம் சரிஞ்சுரும். பகல்-ராத்திரி சூடு ரொம்ப ஏறி இறங்கினா வர்ற கோளாறு அது. தண்டைக் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் சாய்வா வெட்டுங்க, கணுவில் வெட்டினா தண்ணி சரியா ஏறாது. பழக்கூடை பக்கத்தில் வைக்கவே கூடாதுங்க. பழுக்கிற வாழைப்பழம் விடுற எத்திலீன் பட்டா இதழ் உள்ளே சுருண்டுக்கும், மறுபடி விரியாது.

வெளிநாட்டுப் பையர்னா மஞ்சளும் வரிப் பூவும் தவிர்த்துடுங்க. மேற்கத்திய வழக்கில் மஞ்சளுக்கு அலட்சியம்னும், வரிப் பூவுக்கு மறுப்புன்னும் அர்த்தம். இளம் பிங்க் அம்மா பாசத்துக்கு, குழந்தைத் துணிக்குப் பொருத்தமே.