லண்டன் கோபுரக் கோட்டைக்குப் போனவர்களே, எந்தக் காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை?

பரிமாற்ற மாணவி

ஒரு பருவம் படிக்க லண்டன் வந்திருக்கிறேன். வகுப்புத் தோழர்களோடு கோட்டைக்குப் போனேன். வெள்ளைக் கோபுரம், பீஃபீட்டர் காவலர்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. நான் எழுத வந்தது கோகினூர் வைரத்துக்காக.

மணிமுடிகள் இருக்கும் அறையில் நின்று பார்க்க முடியாது அல்லவா? நகரும் நடைபாதை இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர், பேரனின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தார். 1937இல் அரசி எலிசபெத்துக்கு, அதாவது இன்றைய மன்னரின் பாட்டிக்குச் செய்த முடி நெருங்கியது. அதன் முகப்பில்தான் அந்த வைரம். நடைபாதை அவரை முன்னே தள்ள, அவர் ஓரோர் அடியாகப் பின்னே எடுத்து வைத்தார். வைரத்துக்கு நேராகவே நிற்கப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். பேரன் கையைப் பிடித்து இழுத்தான். பெரியவர் அடி எடுத்து வைப்பதை நிறுத்தினார். முடி பின்னே போய்விட்டது.

1849இல் லாகூர் ஒப்பந்தத்தில் அந்த வைரத்தைப் பிரிட்டிஷாருக்கு எழுதிக் கொடுத்த பஞ்சாப் அரசன் துலீப் சிங்குக்கு வயது பத்து. தாயை அவனிடமிருந்து முன்பே பிரித்துவிட்டார்கள். இங்கே வந்தபோது 186 காரட் இருந்த கல்லை 1852இல் மறுபடி பட்டை தீட்டி ஏறத்தாழ 105 காரட்டாகக் குறைத்தார்கள். இதைக் கொடை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மைல் எண்ட் வாசி

தங்கை, நின்று பார்க்கவே முடியாது என்று எழுதாதீர்கள். நான் போனபோது நடைபாதைக்குப் பின்னால் சற்று உயரமான மேடை இருந்தது. அங்கே வேண்டிய நேரம் நிற்கலாம். வைரத்தைத் திருப்பிக் கொடுப்பது என்றால் யாரிடம்? லாகூர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. இந்தியா கேட்கிறது, பாகிஸ்தானும் கேட்டிருக்கிறது. கோபம் நியாயம்தான், வழக்கு அவ்வளவு எளிதல்ல.

போகப்போகிற மாணவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். டவர் ஹில் நிலையத்தில் இறங்குங்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே போய், நேராக மணிமுடிகள் இருக்கும் நகை மாளிகைக்குள் நுழைந்துவிடுங்கள். பதினொரு மணிக்குமேல் வரிசை வளைந்து வளைந்து நிற்கும். மாணவர் அட்டையைக் கையில் வைத்திருங்கள். டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பவுண்டு டிக்கெட் உண்டு. முகவரிச் சான்று கேட்பார்கள். இன்றைய விதிகளை இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பீஃபீட்டர் அழைத்துச் செல்லும் சுற்றுலாவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பளபளக்கும் உடையைப் பார்த்து வேடிக்கை ஆட்கள் என்று எண்ணிவிடாதீர்கள். குறைந்தது 22 ஆண்டுகள் படையில் இருந்தவர்கள். இரவில் கோட்டைக் கதவுகளைப் பூட்டும் சாவிச் சடங்குக்கு வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

அந்தச் சடங்குதான் என் அனுபவமும். இருட்டிலிருந்து காவல் வீரன் “நில்! யார் அங்கே?” என்று கத்தியபோது, நடக்கப்போவது முன்பே தெரிந்திருந்தும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சுவர் எழுத்துப் பித்தன்

வைரத்தையே பேசுகிறீர்களே, போஷம்ப் கோபுரத்தின் மாடிக்கு யாரும் ஏறவில்லையா? கைதிகள் செதுக்கிய சுவர்கள் அங்கே இருக்கின்றன. சிலர் குலச்சின்னம், பூ, மிருகம் என்று மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். அவற்றுக்கிடையே அலங்காரமே இல்லாமல் ‘ஜேன்’ என்று ஒரு பெயர். 1553இல் ஒன்பது நாள் அரசியாக இருந்த ஜேன் கிரேயின் கணவன் கில்ஃபர்ட் டட்லி அங்கேதான் அடைபட்டிருந்தான். 1554 பிப்ரவரி 12 அன்று அவனைக் கோட்டைக்கு வெளியே டவர் ஹில் குன்றுக்குக் கொண்டுபோய் வெட்டினார்கள். தலையில்லாத உடல் வண்டியில் திரும்பி வந்ததை அவள் பார்த்தாள். சற்று நேரத்தில் உள்ளேயே அவளையும் வெட்டினார்கள். பதினேழு வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ. அந்தப் பெயரின் முன் நின்றவன் தோழர்கள் கூப்பிட்டும் நகரவில்லை.

வரலாறு முதுகலை

கில்ஃபர்ட் செதுக்கியது என்பது ஊகம்தான், நண்பரே. அவனுடைய சகோதரர்களும் அதே கோபுரத்தில் இருந்தார்கள். அவர்களுடைய தாயின் பெயரும் ஜேன். எந்த மகன் யாரை நினைத்துச் செதுக்கினான் என்று யாரும் அறுதியிட முடியாது. தாயை நினைத்துச் செதுக்கியிருந்தால் அது எந்த விதத்தில் குறைவு?

கோட்டையில் வளர்க்கும் அண்டங்காக்கைகளின் கதையிலும் இதே கறார் வேண்டும். ஆறு காகங்கள் போய்விட்டால் அரசு கவிழும் என்று 17ஆம் நூற்றாண்டு மன்னர் இரண்டாம் சார்லஸ் அஞ்சியதாக ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அந்தக் கதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளம்பியது என்பதே ஆய்வாளர்கள் கருத்து. காகங்கள் மட்டும் உண்மை. ஒன்று என் கைக்கெட்டும் தூரத்தில் கைப்பிடிச் சுவரில் வந்து அமர்ந்தது. அலகின் வளைவும் தொண்டையில் சிலிர்த்து நின்ற இறகுகளும் தெளிவாகத் தெரிந்தன. இரத்தத்தில் ஊறிய பிஸ்கட் தின்னும் பறவை அது. கடிக்கும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் கவனம்.

பரிமாற்ற மாணவி

மேடை இருப்பது எனக்குத் தெரியாது, அண்ணா. ஆனால் அந்தப் பெரியவருக்கும் யாரும் சொல்லவில்லையே. வாசலில் நிற்கும் பணியாளர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.