மூன்று ஜானகிகள்: பழைய பாட்டுப் புத்தகத்தில் எப்படிப் பிரிப்பது?

கேள்வி: பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டவணை தயாரிக்கிறேன். பல இடங்களில் வெறும் "ஜானகி" என்றுதான் இருக்கிறது. வி.என்.ஜானகியா, சௌகார் ஜானகியா, பாடகி எஸ்.ஜானகியா?

பதில் 1: முதலில் ஆண்டைப் பாருங்கள். பாடகி சினிமாவுக்கு வந்ததே 1957இல், 'விதியின் விளையாட்டு' படத்தில். அதற்கு முந்தைய புத்தகம் என்றால் அவர் இல்லை. சௌகார் தமிழில் நடித்த முதல் படம் 1952இன் 'வளையாபதி'. 1948இன் 'மோகினி', 1950இன் 'மருதநாட்டு இளவரசி' இரண்டும் வி.என்.ஜானகி. பிற்பாடு, 1988 ஜனவரியில், முதலமைச்சரானவர் இவர்தான்.

பதில் 2: 1957க்குப் பிறகு ஆண்டு உதவாது, பெயர் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். 'நடிகைகள்' என்றால் சௌகார், 'பின்னணி' என்றால் பாடகி. இனிஷியலை நம்பவே வேண்டாம்! சௌகாரின் முழுப்பெயர் சங்கரமஞ்சி ஜானகி, பாடகி சிஷ்ட்லா ஜானகி. இரண்டுமே 'எஸ்'தான். தெலுங்கு வழக்கப்படி அது வீட்டுப்பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்து அல்ல. வி.என். என்பதில் 'வி' வைக்கம், ஊர்ப்பெயர்.

பதில் 3: 'சௌகார்' பட்டமும் அல்ல, குடும்பப்பெயரும் அல்ல. 1950இல் வந்த 'ஷாவுகாரு' தெலுங்குப் படத்தால் ஒட்டிக்கொண்டது. ஆகவே அட்டவணையில் மூவரையும் 'ஜானகி' என்ற பெயரின் கீழேயே வைத்து, பக்கத்தில் பிறந்த ஆண்டைச் சேருங்கள்: வி.என். 1923, சௌகார் 1931, பாடகி 1938. சந்தேகமான பதிவைத் தனியே நிறுத்தி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.