எஃப்பி, இன்ஸ்டா ரொம்ப நாளா மூடி வச்சிருக்கவங்க, வெளியில ஆளுங்களைப் பாக்கறப்ப என்ன நடந்துச்சு? சொல்லுங்க

மஞ்சக்குப்பத்தான்:
நானே ஆரம்பிக்கறேன். ஆடி மாசம் ரெண்டையும் டீஆக்டிவேட் பண்ணேன், மாசி மகம் முடிஞ்சும் இன்னும் திறக்கல. வாட்ஸாப் ஆபீஸுக்காக இருக்கு, ஸ்டேட்டஸ் பாக்கறதில்ல. நேரம் மிச்சமா, தூக்கம் வருதானு எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க, கொஞ்சம் வருது, அத விடுங்க.

கடலூர் தேவனாம்பட்டினத்துல தீர்த்தவாரி கூட்டத்துல கூடப் படிச்சவன் ஒருத்தன் எதுக்க வந்தான், என்னப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். நானா போய் தோள்ல கை போட்டா, "பிளாக் பண்ணிட்டு இப்ப என்னடா உறவு"ங்கறான். டீஆக்டிவேட் பண்ணாலும் தேடுனா பேரு வராது, பிளாக் பண்ணாலும் வராது, அவன் எத வச்சு கண்டுபிடிப்பான்? போனை எடுத்துக் காட்டின அப்புறம்தான் சொன்னான், ஐப்பசில அவங்க அப்பா தவறிட்டாராம். எஃப்பில போட்டிருக்கான், ஊரே எழுதிருக்கு, நான் மட்டும் ஒரு வார்த்தை எழுதலனு மனசுக்குள்ளயே வச்சிருக்கான். கண்ணீர் அஞ்சலி பேனர்கூட பாடலீஸ்வரர் கோயில் பக்கம் வச்சாங்களாம், நான் அந்தப் பக்கம் போறதே பிரதோஷத்துக்குதான், அதுவும் எப்பவாவது.

செவ்வாய் வெள்ளி வேணாம்னு ஞாயித்துக்கிழமை திருப்பாதிரிப்புலியூர்ல அவன் வீட்டுக்குப் போனேன். அவங்கம்மா ஆஸ்பத்திரி ஃபைலையெல்லாம் எடுத்து வச்சுகிட்டு ஒவ்வொரு சீட்டா காட்டிப் பேசினாங்க, நான் பாட்டுக்கு கேட்டுகிட்டே இருந்தேன். கெளம்பறப்ப போய்ட்டு வரேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, துக்க வீட்ல சொல்லக்கூடாதே, கம்முனு செருப்ப மாட்டிகிட்டு வந்துட்டேன். எஃப்பில இருந்திருந்தா கும்புடுற கை ஒண்ணு போட்டுட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போயிருப்பேன், அந்த வீட்டு வாசலையே மிதிச்சிருக்க மாட்டேன்.

லாஸ்பேட்டை அக்கா:
நான் வீட்லேர்ந்து கேக் ஆர்டர் எடுக்கறேன், அதனால பேஜ் வேணும், பர்சனல் மட்டும்தான் மூடினேன். இதுல ஒண்ணு கவனிங்க, பேஜுக்கு நாம ஒருத்தர் மட்டும் அட்மினா இருந்தா பர்சனலை டீஆக்டிவேட் பண்ணும்போது பேஜும் சேந்து மறைஞ்சிடும். நான் முன்னாடியே தங்கச்சிய அட்மினா சேத்துட்டுதான் மூடினேன், கிறிஸ்துமஸ் ஆர்டர் எதுவும் கைவிட்டுப் போகல.

ஆனா பேச்சு வந்துச்சு பாருங்க! பாண்டி சண்டே மார்க்கெட்ல, காந்தி வீதில நைட்டி பேரம் பேசிட்டு இருக்கேன், பழைய தெருக்காரம்மா ஒருத்தங்க கையப் புடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போய் "வீட்ல எதுவும் பிரச்சனையாம்மா, அவரோட போட்டோ எல்லாம் காணோமே"னு கேக்கறாங்க. எங்க வீட்டுக்காரர் ரெண்டு கடை தள்ளி பெல்ட் பாத்துட்டு நிக்கறாரு. சொன்னா நம்பணுமே, அன்னிக்கு சாயந்தரமே வில்லியனூர்லேர்ந்து எங்கம்மா முருங்கைக்கீரையோட பஸ் ஏறி வந்துட்டாங்க, வந்து மாப்பிள்ளை மூஞ்சியவே பாத்துகிட்டு உக்காந்திருந்தாங்க. இவரு கடைசி வரைக்கும் எதுக்கு வந்தாங்கனே புரியாம ரெண்டாவது தடவ டீ போட்டுக் குடுக்கறாரு.

முதுநகர் தம்பி:
எனக்கு இதுல நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்குண்ணா. 2024 டிசம்பர்ல, ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் டேம் தண்ணி தென்பெண்ணையில வந்து கடலூரையே ஒரு வழி பண்ணுச்சில்ல, அப்ப நான் எதுலயும் இல்ல. குண்டு உப்பலவாடில எங்க அத்தை வீட்டுக்குள்ள தண்ணி வந்தத துபாய்ல இருக்க மாமா போன் பண்ணி எனக்கு சொல்றாரு. அவரு வீடியோல பாத்துட்டாரு, நான் இங்க பக்கத்துல இருந்துகிட்டு இட்லி சாப்பிட்டுட்டு இருக்கேன். உடனே ஓடினேன், பாதி வழிக்கு மேல விடல. அதுலேர்ந்து மழைக்காலம்னா மட்டும் திறந்து வைக்கறேன், பொங்கல் வந்தா மறுபடி மூடிடுவேன்.

இன்னொண்ணு, எஃப்பி லாகின்ல வேற ஏதாவது ஆப்புக்குள்ள நுழைஞ்சாலே மூடினது தானா திறந்துக்கும். என் ஃப்ரெண்டுக்கு ஒரு கேம்னால அப்படி ஆச்சு. மூடறதுக்கு முன்னாடி அதையெல்லாம் மெயில் ஐடிக்கு மாத்திக்கோங்க.

மஞ்சக்குப்பத்தான்:
அக்கா, உங்கம்மாவுக்கு ஒரு கும்புடு. தம்பி, மழைக்கு நீ சொல்றது கரெக்ட்டு, எனக்கும் ஐப்பசி கார்த்திகை யோசனையாதான் இருக்கு. மொத்தமா டெலீட்டே பண்ணலாமானு கேக்கறவங்களுக்கு, எஃப்பில 30 நாள் டைம் குடுப்பாங்க, அதுக்குள்ள லாகின் பண்ணி கேன்சல் பண்ணிக்கலாம், தாண்டிட்டா திரும்ப வராது. பழைய போட்டோ எல்லாம் முதல்ல டவுன்லோட் பண்ணிடுங்க, கல்யாண ஆல்பம் அதுலதான் இருக்குனு அப்புறம் வீட்ல சண்டை வரும்.