இணையமே இல்லாத கணினியில் டெக் லைவ்: கைமுறை நிறுவலை நீங்கள் எப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள்?

டெக் லைவ் என்பது ஆவணங்களை அச்சுக்கோக்கும் டெக், லேடெக் மென்பொருள்களின் தொகுப்பு. அதில் சேர்க்கும் பல லேடெக் பேக்கேஜ்களின் விளக்கக் கோப்பில் நிறுவல் பகுதி ஒரே வரிதான்: "டிஎல்எம்ஜிஆர் வழியாக நிறுவிக்கொள்ளவும்." அது டெக் லைவின் பேக்கேஜ் மேலாளர்; வழக்கமாக இணையத்திலிருந்துதான் எடுக்கும். பாதுகாப்புக்காக இணையத்தைத் துண்டித்து வைத்திருக்கும் கணினியில் உட்கார்ந்திருப்பவர் அதை வைத்து என்ன செய்வார்? அப்படி ஒருவர் நான் பராமரிக்கும் எழுத்துரு பேக்கேஜைப் பற்றிக் கேட்டு எழுதினார். அவருக்குப் படிப்படியாக அனுப்பியதுதான் இப்போது எங்கள் நிறுவல் குறிப்பு.

டெக் லைவின் ஐஎஸ்ஓ கோப்பு (முழுத் தொகுப்பும் அடங்கிய வட்டுப் பிம்பம்) 4 ஜிபியைத் தாண்டும். ஃபேட்32 பென்டிரைவில் அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யச் சொல்லி முதலிலேயே எழுதிவிட்டேன். அப்புறம் பேக்கேஜ். டெக் பேக்கேஜ்களின் இணையக் களஞ்சியமான சிடேனில் அதற்கு டிடிஎஸ் ஜிப் (கோப்புகள் டெக்கின் அடைவு அமைப்பிலேயே அடுக்கப்பட்ட ஜிப்) இருந்தால் அதை டெக்ஸ்எம்எஃப்-லோக்கலில், அதாவது நாமே சேர்ப்பவற்றுக்கான அடைவில், விரித்தால் போதும். டெக் லைவின் சொந்தக் கோப்புகள் இருக்கும் டெக்ஸ்எம்எஃப்-டிஸ்டில் கைவைக்க வேண்டாம், அடுத்த அப்டேட் வந்து மேலே எழுதிவிடும். விரித்தபின், டெக்கின் கோப்புப் பட்டியலைப் புதுப்பிக்க எம்கேடெக்ஸ்எல்எஸ்ஆர் ஓட்ட வேண்டும். ஒரு கோப்பை டெக் எங்கே காண்கிறது என்று காட்டும் கேபிஎஸ்இவிச் கட்டளையில் ஸ்டைல் கோப்பின் பெயரைக் கொடுத்து, லோக்கல் பாதை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை வரியைத்தான் பலர் எழுதுவதில்லை. எனக்கு மற்றதைவிட அதுதான் முக்கியம்.

அவருக்கு எல்லாம் சரியாக வந்தது, எழுத்துருவைத் தவிர. அப்மேப்-சிஸ் ஓட்டி மேப் கோப்பை (எழுத்துருப் பெயரை அதன் கோப்போடு இணைக்கும் பட்டியல்) கணினி முழுமைக்கும் சேர்த்த பிறகும் பிடிஎஃப்லேடெக் பிகே எழுத்துருவை (பழைய பிட்மேப் வடிவம்) உருவாக்கப் போய்த் தோற்றுக்கொண்டே இருந்தது. விசாரித்தால், முன்பு ஏதோ பழைய வழிகாட்டியைப் பார்த்து அதே வேலையை ஒரு பயனருக்கு மட்டும் செய்யும் அப்மேப்-யூசர் ஓட்டியிருக்கிறார். அதை ஒருமுறை ஓட்டினாலே பயனரின் ஹோம் ஃபோல்டரில் தனி மேப் உருவாகிவிடும். பிறகு சிஸ்டம் அளவில் என்ன மாற்றினாலும் அவர் கணக்குக்குத் தெரியாது. அவர் ஹோம் ஃபோல்டருக்குள் டெக்ஸ்எம்எஃப்-வார் அடைவில் இருந்த மேப் கோப்புகளை நீக்கியதும் எழுத்துரு வந்துவிட்டது. எங்கள் குறிப்பில் "யூசர் வேண்டாம், சிஸ் மட்டும்" என்பதற்குக் காரணத்தோடு தனிப் பத்தியே இருக்கிறது.

மற்றொரு உறுப்பினர்:
எங்களுக்குத் தலைவலி ஆண்டுதான். உள்ளே இருப்பது ஒரு வருட டெக் லைவ், பென்டிரைவில் வருவது அடுத்த வருடக் களஞ்சியம் என்றால் டிஎல்எம்ஜிஆர் முகத்துக்கு நேராக மறுத்துவிடும். பழைய பதிப்புக்கு அந்த ஆண்டின் டிஎல்நெட்-ஃபைனல் களஞ்சியத்தையே (அந்தப் பதிப்பின் கடைசி நிலை) எடுத்துப் போக வேண்டும். ஒற்றை டார் கோப்பை டிஎல்எம்ஜிஆரின் ஃபைல் விருப்பத்தோடு நிறுவலாம், ஆனால் அது சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள் தானாக வராது. அதனால் மாதிரி ஆவணத்தில் லிஸ்ட்ஃபைல்ஸ் கட்டளை போட்டு, லாகில் வரும் பட்டியலை அப்படியே குறிப்பில் ஒட்டிவிடுகிறேன். நினைவிலிருந்து எழுதும் பட்டியலில் எப்போதும் ஏதாவது விடுபடும்.

இன்னொருவர்:
டெபியன் லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி சேருங்கள். ஐஎஸ்ஓவிலிருந்து நேரடியாக நிறுவியது டெபியனின் நிறுவல் கருவியான ஏப்டிக்குத் தெரியாது. டெக் தேவைப்படும் வேறு மென்பொருளை நிறுவினால், டெபியனின் டெக் லைவையும் சேர்த்து இழுக்கப் பார்க்கும். ஈக்விவ்ஸ் என்ற கருவி கொண்டு, டெக் ஏற்கனவே இருப்பதாகச் சொல்லும் ஒரு டம்மி பேக்கேஜ் செய்து வைத்தால் சும்மா இருக்கும். ஜீடெக் (சிஸ்டம் எழுத்துருக்களை நேரடியாகப் பயன்படுத்தும் டெக் வகை) பயன்படுத்துபவர் எழுத்துருவைப் பெயர் சொல்லி அழைப்பாரானால், சிஸ்டத்தில் எழுத்துருக்களைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக்கின் அமைப்பும் வேண்டும். டெக் லைவே அதற்கான கோப்பைத் தருகிறது. அதைச் சிஸ்டம் அடைவில் நகலெடுத்து, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் ஓட்டினால் ஆயிற்று.