அயர்லாந்துக் கிராமங்களின் மழைக்குறிகள்

கேள்வி: வானொலி வருவதற்கு முன், அயர்லாந்துக் கிராமத்தார் மழையை எவ்வாறு முன்னறிந்தார்கள்? அவர்களுடைய குறிகளுக்குக் காரணம் உண்டா, வெறும் நம்பிக்கைதானா?

மறுமொழி 1: அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு முதியவர்களிடம் திரட்டிய ஏடுகளில் இவை நிறைய உள்ளன. தகைவிலான் குருவி தாழப் பறப்பது, புகைபோக்கியிலிருந்து கரி உதிர்வது, பூனை கணப்புக்கு முதுகு காட்டி அமர்வது, தொலைவிலுள்ள மலை அருகில் தெரிவது ஆகியவை மழைக்குறிகள்.

மறுமொழி 2: கரி உதிர்வதற்குக் காரணம் சொல்லலாம். காற்றில் ஈரம் மிகும்போது, புகைபோக்கியின் உட்சுவரில் படிந்த கரி அதை உறிஞ்சிக் கனத்து, பிடிப்பு விட்டுக் கணப்பில் பொத்தென்று விழும். பூனையை நான் நம்பமாட்டேன். அதற்கு முதுகு குளிர்ந்தாலே போதும்.

மறுமொழி 3: ஏப்ரல் தொடக்கத்துக் குளிருக்குக் கதையே உண்டு. மார்ச்சால் தன்னைக் கொல்ல முடியவில்லை என்று கிழட்டு வரிப்பசு பீற்றிக்கொள்ள, மார்ச் ஏப்ரலிடம் சில நாட்களைக் கடன் வாங்கி அதை வீழ்த்தியதாம்.