மெய்நிகர் ஸ்விட்ச் சோதனைக் கருவியை நிறுவிவிட்டேன்; அளவுகள்தாம் நிலையாக இல்லை

எழுதியவர்: வலைநெசவு (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். மெய்நிகர் ஸ்விட்சுகளின் (ஃபிரேம் எனப்படும் தரவுத் துண்டுகளைச் சர்வருக்குள்ளேயே கடத்தும் மென்பொருள்கள்) செயல்திறனை அளக்கும் வி.எஸ்.பெர்ஃப் கருவியை எங்கள் ஆய்வுக்கூடத்தில் நிறுவ இரண்டு வாரமாக முயன்று வருகிறேன். இயங்குதளத்தின் மையமான கெர்னல் வழியாக இயங்கும் ஓப்பன் வி-ஸ்விட்ச் என்னும் மெய்நிகர் ஸ்விட்சையும், கெர்னலைத் தாண்டி நெட்வொர்க் அட்டையை நேரடியாகக் கையாளும் டி.பி.டி.கே. சேர்த்துக் கட்டிய ஓப்பன் வி-ஸ்விட்சையும் ஒரே சர்வரில், ஒரே முறையில் அளந்து, எங்கள் வேலைக்கு எது ஏற்றது என்று மேலாளரிடம் சொல்ல வேண்டும்.

சர்வரில் இரண்டு சாக்கெட்டுகள், அதாவது இரண்டு செயலிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் எட்டு கோர்கள். ஹைப்பர் திரெடிங்கை அணைத்திருக்கிறேன். சோதனைக்கு இரண்டு போர்ட் கொண்ட இன்டெல் எக்ஸ்520 அட்டை. போர்ட்டுக்கு 10 கிகாபிட். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கணினியில் டி-ரெக்ஸ் என்னும் மென்பொருள் சோதனைப் போக்குவரத்தை உண்டாக்குகிறது.

முதலில் உபுண்டு 22.04-இல் முயன்றேன். ரிப்போசிடரியை இறக்கி, சிஸ்டம்ஸ் அடைவில் உள்ள அடிப்படை நிறுவல் ஸ்கிரிப்டை ஓட்டியதும், இந்த இயங்குதளப் பதிப்புக்கு ஆதரவு இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. பிறகு சென்ட்ஓஎஸ் 7-ஐப் போட்டேன். அங்கே பொதிகளை நிறுவும் யம் ஒரு பொதியைக்கூட இறக்கவில்லை, மிரர் பட்டியல் (பொதிகளின் நகல் உள்ள சர்வர்களின் பட்டியல்) கிடைக்கவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. எங்கள் அலுவலகத்தில் எல்லாமே பிராக்ஸி வழியாகத்தான் வெளியே போகும் என்பதால் குறை அங்கே இருக்கலாம் என்று மூன்று நாள் அதையே துருவினேன். கடைசியில் சக ஊழியர் ஒருவர் வைத்திருந்த பழைய டிஸ்க் நகலிலிருந்து பொதிகளை எடுத்து, ஒருவாறு நிறுவி முடித்தேன்.

இப்போது கருவி ஓடுகிறது. ஆனால் 64 பைட் ஃபிரேமில், ஒரு போர்ட்டில் வாங்கி மறு போர்ட்டில் விடும் எளிய சோதனையிலேயே, டி.பி.டி.கே. தரும் எண் கெர்னல் தரும் எண்ணைவிடச் சற்றே கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் காலையில் ஓட்டினால் ஒன்று, மாலையில் ஓட்டினால் வேறொன்று. நிறுவலில் எதையோ விட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. நிறுவலைச் சரியான வழியில் மறுபடி செய்வது எப்படி, இந்த எண்ணை நம்பலாமா என்ற இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.


எழுதியவர்: செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

வணக்கம். நிறுவலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; அளவைப் பற்றிப் பேச என்னைவிடத் தேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

உங்கள் பிராக்ஸியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதன்பின் பழைய மிரர் பட்டியல் முகவரி பதில் தருவதில்லை. பொதிகள் அழிந்துவிடவில்லை, வால்ட் என்னும் காப்பகத்தில் அப்படியே இருக்கின்றன. யம் அமைப்புக் கோப்புகளில் மிரர் பட்டியல் வரியை மறைத்துவிட்டு, அடிப்படை முகவரியை வால்ட்டுக்கு மாற்றுங்கள். கருவிக்குத் தேவையான பைத்தான் 3 வரும் மென்பொருள் தொகுப்புக் களஞ்சியத்துக்கும் இதே மாற்றத்தைத் தனியாகச் செய்ய வேண்டும். பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டுப் பாதி வழியில் நிற்கிறார்கள்.

பிராக்ஸி அடுத்த தடையாக வரும். ஷெல்லில் பிராக்ஸி மாறிகளை வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். யம் தன் அமைப்பைத் தன் கோப்பில் பார்க்கும், மூலநிரலை இறக்கும் கிட் தன் கோப்பில் பார்க்கும், நிர்வாகி உரிமை தரும் சூடோ வழியாக ஓடும் கட்டளைக்கு உங்கள் மாறிகள் போய்ச் சேராமலே போகலாம். மூன்று இடத்திலும் எழுதிவையுங்கள்.

ஸ்கிரிப்டை ரூட் பயனராக நுழைந்து ஓட்டாதீர்கள். சூடோ உரிமை உள்ள சாதாரணப் பயனராகவே ஓட்டினால், பைத்தானுக்கான தனிச் சூழல் அந்தப் பயனரின் வீட்டு அடைவில் உருவாகும். கருவியை ஒவ்வொரு முறை தொடங்கும் முன்பும் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். சோதனை ஓடும்போது கருவி பல இடங்களில் சூடோவை அழைக்கும் என்பதால், அந்தப் பயனருக்குக் கடவுச்சொல் கேட்காத சூடோ உரிமையும் தேவை.

பழைய டிஸ்கிலிருந்து எடுத்த பொதிகளைக் கொண்டு கட்டியது எனக்கு உறுத்துகிறது. சோர்ஸ் அடைவில் உள்ள பொதிப் பட்டியல் கோப்பில் டி.பி.டி.கே., ஓப்பன் வி-ஸ்விட்ச், மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு ஆகியவற்றில் எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கும். அங்கே எழுதியிருப்பதுதான் உண்மையில் ஓடுகிறதா என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று: ஆதரவு முடிந்த இயங்குதளத்தை அலுவலக வலையில் நேரடியாக விடாதீர்கள், தனி வலைப்பகுதியில் அடைத்துவையுங்கள்.


எழுதியவர்: ஜெலுத்தோங் 64 (பினாங்கு)

வணக்கம், வலைநெசவு. நீங்கள் சொன்னதில் முக்கியமானது எண் குறைவு என்பதைவிட, காலைக்கும் மாலைக்கும் எண் மாறுகிறது என்பதுதான். நிறுவல் அங்கேதான் முடியாமல் நிற்கிறது. இந்தக் கருவியைப் பொறுத்தவரை ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் ஓடி முடிவது பாதி வேலை. அடியில் இருக்கும் சர்வரைச் சோதனைக்கேற்ப ஒழுங்கு செய்வது மீதிப் பாதி, அதை எந்த ஸ்கிரிப்டும் உங்களுக்காகச் செய்து தராது.

ஏன் மாறுகிறது என்று பார்ப்போம். 10 கிகாபிட் கம்பியில் 64 பைட் ஃபிரேம் ஒவ்வொன்றோடும் முன்னொட்டும் இடைவெளியுமாக 20 பைட் சேர்ந்து போகிறது. ஆகவே முழு வேகத்தில் நொடிக்கு 1,48,80,952 ஃபிரேம்கள், அதாவது 67.2 நானோநொடிக்கு ஒன்று வந்துகொண்டிருக்கும். ஓப்பன் வி-ஸ்விட்ச் ஒரு வரவு வரிசையில் இயல்பாக 2048 இடங்களை வைத்திருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 138 மைக்ரோநொடிக்கும் சற்றுக் குறைவு. ஃபிரேம்களை ஓயாமல் வாரிக்கொண்டிருக்க வேண்டிய கோரை கெர்னல் வேறு வேலைக்கு இழுத்து அதைவிட அதிக நேரம் வைத்துக்கொண்டால், வரிசை நிரம்பி ஃபிரேம்கள் விழத் தொடங்கிவிடும். கெர்னலின் வேலைப் பங்கீடு மில்லிநொடிக் கணக்கில் நடப்பது என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

இனி, சோதனை முறையைக் கவனியுங்கள். அளவு முறையை விவரிக்கும் ஆவணமாக 1999-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2544-இன்படி, ஒரு ஃபிரேம்கூட இழக்காமல் கடத்தக்கூடிய உச்ச வேகமே த்ரூபுட். கருவி அதை இருகூறாக்கித் தேடுகிறது: ஒரு வேகத்தில் ஒரே ஒரு ஃபிரேம் விழுந்தாலும் அந்த வேகம் தோல்வி என்று எழுதிக்கொண்டு கீழ்ப்பாதிக்கு இறங்கிவிடும், திரும்ப மேலே பார்க்காது. தேடலின் முதல் சுற்றிலேயே யாரோ ஒரு கெர்னல் வேலை உங்கள் கோரைத் தொட்டுவிட்டால், ஸ்விட்ச் உண்மையில் தாங்கக்கூடிய வேகத்தை அந்தச் சோதனை எட்டிக்கூடப் பார்க்காது. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் வருவது இதனால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு வரி) இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்விட்சுக்கான கோர்களை ஐசோல்சிபியூஸ் கொண்டு பொதுப் பங்கீட்டிலிருந்து விலக்குங்கள்; அதே கோர்களில் கெர்னலின் குறுக்கீட்டைக் குறைக்கும் நோஹெர்ட்ஸ்-ஃபுல், ஆர்.சி.யு.-நோசிபிஸ் இரண்டையும் வையுங்கள். ஹியூஜ்பேஜ் (பெரிய நினைவகப் பக்கம்) அளவை 1 கிகாபைட்டாகப் பூட் நேரத்திலேயே ஒதுக்குங்கள். சாதனங்கள் நினைவகத்தை அணுகுவதை முறைப்படுத்தும் ஐஓஎம்எம்யு இயங்க வேண்டும், பாஸ்-த்ரூ நிலையில் இருக்க வேண்டும். அதற்கு பயாஸில் வி.டி.-டி. திறந்திருக்க வேண்டும். பூட் வரியை எழுதும் கிரப் கோப்பைத் திருத்திவிட்டு அதை மறுபடி உருவாக்காமல் ரீபூட் செய்வது வழக்கமான தவறு என்பதால், கணினி எழுந்ததும் ப்ராக் அடைவில் உள்ள கட்டளை வரிக் கோப்பைப் படித்து, எழுதியது ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். குறுக்கீடுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்கியூ பேலன்ஸை நிறுத்துங்கள், பயாஸில் மின்சிக்கன நிலைகளையும் டர்போவையும் அணையுங்கள்.

அடுத்தது நூமா, அதாவது சாக்கெட்டுக்கு ஒரு நோடாக நினைவகம் பிரிந்திருக்கும் அமைப்பு. உங்களிடம் இரண்டு சாக்கெட் இருக்கிறது. கருவியின் இயல்பு அமைப்பில் டி.பி.டி.கே. நினைவகம் முதல் சாக்கெட்டுக்கு 1024 மெகாபைட், இரண்டாவதற்குச் சுழியம் என்று இருக்கும். ஃபிரேம்களை வாரும் கோர்கள் எவை என்று பிட்டுகளால் குறிக்கும் முகமூடி பதினாறடிமான எண்ணில் 30, அதாவது 4-ஆம் கோரும் 5-ஆம் கோரும். உங்கள் நெட்வொர்க் அட்டை எந்தச் சாக்கெட்டில் செருகியிருக்கிறது? சிஸ் அடைவில் அந்தச் சாதனத்துக்குரிய நூமா நோட் கோப்பைத் திறந்தால் 0 என்றோ 1 என்றோ ஓர் எழுத்துதான் இருக்கும். அது 1 என்றால், ஃபிரேம்கள் ஒவ்வொன்றும் இரு சாக்கெட்டுக்கு இடையிலான பாலத்தைக் கடந்துதான் 4-ஆம் கோரை அடைகின்றன. ஓப்பன் வி-ஸ்விட்சின் பதிவுக் கோப்பான லாகையும் படியுங்கள். அந்த நோடில் வேலை செய்யும் கோர் இல்லை, செயல்திறன் குறையும் என்று அதுவே எச்சரித்திருக்கும்.

ஓர் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் இது நேரக்கூடாது. ஒரு சனிக்கிழமை வீட்டிலிருந்தபடியே ஆய்வுக்கூடத்துச் சர்வரில் போர்ட்டுகளை டி.பி.டி.கே. டிரைவரோடு இணைத்துக்கொண்டிருந்தேன். போர்ட்டைச் சுட்டும் பி.சி.ஐ. முகவரியின் கடைசி இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டேன். நான் இணைத்தது, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் நிர்வாகப் போர்ட். அடுத்த விநாடியே திரை உறைந்தது. கெர்னலின் கையிலிருந்து போன போர்ட் வழியாக இனி யாரும் உள்ளே நுழைய முடியாது. அந்தச் சர்வருக்குத் தொலைவிலிருந்து இயக்கும் கன்சோலும் இல்லை. ஆய்வுக்கூடம் வரை போய்த்தான் மீட்டேன். அதிலிருந்து நிர்வாகப் போர்ட்டின் முகவரியை ஒரு சிறிய சீட்டில் எழுதி சர்வரின் முகப்பில் ஒட்டியிருக்கிறேன், கருவியின் அமைப்புக் கோப்பில் அட்டைகளைக் குறிக்கும் வரிக்கு மேலும் எழுதிவைத்திருக்கிறேன்.


எழுதியவர்: பழைய கெர்னல் (கோலாலம்பூர்)

ஜெலுத்தோங் நண்பர் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். அளவு முறையில் மட்டும் சில சொற்கள்.

ஸ்விட்சை நடுவில் வைக்கும் முன், டி-ரெக்ஸின் இரு போர்ட்டுகளையும் ஒரே கேபிளால் நேராக இணைத்து ஓட்டுங்கள். அங்கேயே முழு வேகம் வராவிட்டால் குறை போக்குவரத்து உண்டாக்கும் கணினியில் இருக்கிறது, ஸ்விட்சைத் திருத்திப் பயனில்லை. டி-ரெக்ஸ் கணினியில் 4500, 4501 ஆகிய போர்ட் எண்களை ஃபயர்வால் மறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்.எஃப்.சி. 2544 ஒவ்வொரு முயற்சியும் குறைந்தது 60 நொடி நீடிக்க வேண்டும் என்கிறது. கருவியின் இயல்பு நேரம் அதைவிடக் குறைவு; அதை உயர்த்தாமல் அந்த ஆர்.எஃப்.சி.யின் பெயரை அறிக்கையில் எழுதுவது முறையல்ல. மெய்நிகர் ஸ்விட்சுகளுக்கென்றே 2017-இல் ஆர்.எஃப்.சி. 8204 வந்தது. இந்தக் கருவியின் பின்னால் இருந்தவர்களின் சிந்தனைதான் அது. வன்பொருள் ஸ்விட்சுக்கு எழுதிய விதியை மென்பொருளுக்குப் பொருத்தும்போது எந்தெந்த அமைப்புகளையெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் விரிவாக இருக்கிறது. எண்ணைத் தொடும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்தக் கருவியை உருவாக்கிய ஓ.பி.என்.எஃப்.வி. திட்டம் 2021-இல் அனுகெட் என்ற பெயரின்கீழ் இணைந்துவிட்டது; பழைய வழிகாட்டிகளில் உள்ள சில சுட்டிகள் அதனால் திறக்காமல் போகலாம். விருந்தினர் இயந்திரத்தை (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) வைத்துச் செய்யும் சோதனைக்கு வேண்டிய டிஸ்க் படிமம் கிடைத்தால் உடனே ஒரு நகல் எடுத்துவையுங்கள். எதிர்காலத்திலும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால், புதிய உபுண்டுவில் ஓப்பன் வி-ஸ்விட்சையும் டி-ரெக்ஸையும் கையால் நிறுவி, இதே முறையில் அளப்பதே நல்லது என்பது என் கருத்து. கருவி பழையதாகலாம், முறை பழையதாகவில்லை.


எழுதியவர்: வலைநெசவு (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் நூமா நோட் கோப்பைத் திறந்தேன்: 1. என் சர்வரில் 0 முதல் 7 வரை முதல் சாக்கெட், 8 முதல் 15 வரை இரண்டாவது. முன்பு போர்ட்டைச் சேர்க்கும்போது நினைவகம் போதவில்லை என்ற பிழை வந்ததால் இரு சாக்கெட்டுக்கும் 1024 கொடுத்திருந்தேன். முகமூடியைத் தொடவே இல்லை. பிழைச் செய்தி மறைந்ததும் சரியாகிவிட்டது என்று நகர்ந்துவிட்டேன். லாகைத் திறந்தால் ஜெலுத்தோங் 64 சொன்ன அதே எச்சரிக்கை ஒவ்வொரு ஓட்டத்திலும் பதிவாகியிருக்கிறது.

10, 11 ஆகிய கோர்களைப் பூட் வரியில் விலக்கி, முகமூடியை சி00 என்று மாற்றினேன். கிரப்பை மறுபடி உருவாக்கி, ரீபூட்டுக்குப் பின் கட்டளை வரியையும் படித்துப் பார்த்தேன். நேரத்தை 60 நொடியாக்கி நேற்றுக் காலை, மதியம், இரவு என மூன்று முறை ஓட்டினேன். மூன்று எண்களும் ஒன்றையொன்று ஒட்டியே வந்திருக்கின்றன, கெர்னலுக்கும் டி.பி.டி.கே.க்கும் இடையிலான வேறுபாடு இப்போது ஐயமின்றித் தெரிகிறது.

பழைய பொதிகளை முழுவதும் அழித்துவிட்டு, வால்ட்டிலிருந்து மறுபடி நிறுவிக்கொண்டிருக்கிறேன். ஓப்பன் வி-ஸ்விட்ச் பதிப்பு பட்டியலில் உள்ளதோடு பொருந்தவில்லை என்பதும் தெரிந்தது; ஆகவே மேலே சொன்ன மூன்று எண்களையும் அறிக்கையில் சேர்க்கப்போவதில்லை, நிறுவல் முடிந்ததும் மறுபடி அளப்பேன். ஒரே ஒரு கேள்வி: விருந்தினர் இயந்திரச் சோதனையில் கியூஎமுவுக்கான கோர்களையும் இதே சாக்கெட்டிலிருந்துதான் எடுக்க வேண்டுமா?


எழுதியவர்: ஜெலுத்தோங் 64 (பினாங்கு)

ஆம், அதே சாக்கெட்டிலிருந்துதான். 10, 11 இரண்டையும் ஸ்விட்சுக்கு விட்டுவிட்டு, விருந்தினருக்கு 12-இலிருந்து கொடுங்கள், அவற்றையும் பூட் வரியில் விலக்குங்கள். விருந்தினரின் நினைவகமும் ஹியூஜ்பேஜிலிருந்தே போகும் என்பதால், இரண்டாவது சாக்கெட்டில் ஸ்விட்ச் எடுத்தது போக அதற்கும் மிச்சம் இருக்கிறதா என்று நோட் வாரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தக் கணக்கு போதுமென்று காட்டினாலும் அந்த ஒரு நோடில் தீர்ந்துபோயிருக்கலாம்.