ஆடிக்கு அழைப்பு (குழு: சைதாப்பேட்டை வீடு)

அம்மா: ஆடி பொறக்குறதுக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்துடறோம்னு உங்க அத்தைகிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை ரெடியா இரு

நான்: ம்ம். புடவை எதுவும் எடுத்து வைக்கல. பாதியில நிக்கிற புக்கு மட்டும் பைல போட்டாச்சு

தம்பி: ஆரம்பிச்சுட்டா

பெரியம்மா: என்ன புக்குடி

நான்: கவிதை பெரியம்மா. லூயிஸ் க்ளிக், அமெரிக்காக்காரங்க. 2020ல நோபல் வாங்கினாங்க, 2023ல இறந்துட்டாங்க. புக்கு பேரு ‘அவெர்னோ’, 2006ல வந்தது. இத்தாலில நேப்பிள்ஸ் பக்கம் அந்தப் பேர்ல ஒரு ஏரி இருக்கு, எரிமலை வாய்ல தண்ணி தேங்கினது. பாதாளத்துக்கு அதுதான் வாசல்னு ரோமானியர்கள் நம்பினாங்க

மாமா: பொண்ணை எமன் தூக்கிட்டுப் போற கிரேக்கக் கதையா?

நான்: அதேதான் மாமா. பூப் பறிச்சிட்டிருந்த பெர்செஃபனியை ஹேடீஸ் தேர்ல தூக்கிட்டுப் போயிடறான். அவ அம்மா டிமீட்டர், தானியத்துக்குத் தெய்வம்

தம்பி: டி மீட்டரா? நம்ம ஆட்டோல போடவே மாட்டாங்களே, அதுவா

பெரியம்மா: சும்மா இருடா. அப்புறம்?

நான்: ஒன்பது நாள் பச்சத்தண்ணி படாம, கையில பந்தத்தோட தேடறா. அப்புறம்தான் தெரியுது, பொண்ணோட அப்பா ஜீயஸே முன்னாடியே சரின்னுட்டான்னு. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல

அம்மா: ஆம்பளைங்க எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்

மாமா: அக்கா, அத்தானும் இந்த குரூப்லதான் இருக்காரு

அப்பா: ம்

அம்மா: இருங்க, தண்ணி லாரி வந்துடுச்சு

நான்: அந்தக் கோவத்துல பூமில ஒரு மணி விளைய விடல அவ. சரி, பொண்ணை அனுப்புங்கன்னு ஆயிடுச்சு. ஆனா பொண்ணு அங்க மாதுளை தின்னுட்டா. பழைய கிரேக்கப் பாட்டுல ஒரு முத்து, ரோமானியக் கவிஞர் ஓவிட் ஏழுங்கறார். அதனால வருஷத்துல சில மாசம் அங்க, மீதி அம்மாகிட்ட. அவ கீழ இருக்கறப்போ மேல பயிர் பச்சை கிடையாது

பெரியம்மா: ஆடிக்கு அழைக்கிற மாதிரியே இருக்கே! நமக்காவது சித்திரைல புள்ள பொறக்கக்கூடாதுன்னு ஒரு காரணம்

நான்: க்ளிக் அம்மாவோட அழுகையோட நிறுத்தல பெரியம்மா. ‘அலையும் பெர்செஃபனி’ன்னு ஒரே தலைப்புல ரெண்டு கவிதை வெச்சிருக்காங்க. அவளுக்கு எதுதான் வீடுன்னு கேக்கறாங்க. அம்மாவுக்கும் அவனுக்கும்தான் சண்டை. இவளை யாருமே கேக்கல

மாமா: நம்ம புதுமைப்பித்தன் 1943லயே எழுதிட்டாரு, சாபவிமோசனம். சீதை தீக்குளிச்சதைக் கேட்டதும் அகலிகை திரும்பக் கல்லாயிடுவா

நான்: அவ ஒரேயடியா கல்லாயிட்டா மாமா. இவ வருஷா வருஷம் மூட்டை கட்டணும்

அம்மா: ஆறு குடம் பிடிச்சுட்டு இப்பதான் படிக்கறேன். யாரு உன்னைக் கேக்கல?

நான்: நான் என்னைச் சொல்லலம்மா

அம்மா: உங்க அத்தைகிட்ட கேட்டேன். மாப்பிள்ளைகிட்ட கேட்டேன்

தம்பி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அம்மா: சரி. உனக்கு வர இஷ்டமா?

நான்: ரெண்டு வாரம் வர்றேன். அப்புறம் இங்கயே இருக்கேன்மா, பெரம்பூர்லேர்ந்து ஆபீஸ் பக்கம்

பெரியம்மா: ஆடில அங்க இருக்கக்கூடாதுடி

அம்மா: அக்கா, விடு. அவ சொல்றபடி வரட்டும்

அப்பா: மார்க்கெட்ல இருக்கேன். மாதுளை நல்லா இருக்கு, ஒரு கிலோ வாங்கட்டுமா?

அம்மா: என்னை ஏன் கேக்கறீங்க, அவளைக் கேளுங்க